இரண்டு இணைப்புகள், ஒரே பாதை

வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கிச் சென்னையின் தென்புறநகர் வீடுகளில் நடைபெறும் ஆயத்தங்களில் அண்மைக் காலமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மொட்டைமாடி வடிகுழாயைச் சுத்தம் செய்வது, இன்வெர்ட்டர் பேட்டரியைச் சரிபார்ப்பது, காரை மேடான தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது ஆகியவற்றுடன், இரண்டாவதாக ஓர் இணைய இணைப்பை வாங்கி வைப்பதும் வழக்கமாகிவருகிறது. தாம்பரம், சேலையூர், சிட்லப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என எங்கும் இதைக் காண முடிகிறது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தபடியே பணிபுரியும் இளைஞர்கள் மட்டுமல்லர். சிறு மருத்துவமனைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், மருந்துக் கடைகள், பயிற்சி மையங்கள் ஆகியவையும் இரண்டு நிறுவனங்களுக்குச் சந்தா கட்டுகின்றன. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு பல வேளைகளில் பொய்த்துவிடுகிறது. மழை வலுத்த இரவில் இரண்டும் ஒன்றாகவே நின்றுபோகின்றன. அதைவிடக் குழப்பமான இன்னொரு நிலையும் உண்டு. இரண்டு கருவிகளிலும் பச்சை விளக்கு எரிகிறது. வாட்ஸ்அப் செய்தி போகிறது. ஆனால், வங்கியின் தளமோ அலுவலகத்தின் தளமோ திறக்க மறுக்கிறது. இரு நிறுவனங்களின் சேவை மையங்களும் ஒரே பதிலைச் சொல்கின்றன: "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, சார்." இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். இருவர் பக்கமும் சரியாக இருக்கும்போது பழுது யார் பக்கம்? பொறியியல் கேள்வி போலத் தோன்றும் இது, நெருங்கிப் பார்த்தால் ஒரு பொருளாதாரக் கேள்வி.

எளிய கணக்கு ஒன்று. ஓர் இணைப்பு ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள ஒரு விழுக்காடு ஏறத்தாழ 88 மணி நேரம். அதாவது மூன்றரை நாள்களுக்கும் சற்று அதிகம். அதே தரமுள்ள இரண்டு இணைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பழுதாகுமெனில், இரண்டும் ஒரே சமயத்தில் நிற்பதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆண்டு முழுவதும் கூட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. இரண்டாவது சந்தாவுக்கு நாம் கொடுக்கும் பணம் இந்த வேறுபாட்டுக்கான விலை. ஆனால், கணக்கு முழுவதும் 'ஒன்றுக்கொன்று தொடர்பின்றி' என்ற சொற்களின் மீது நிற்கிறது. இரண்டு இணைப்புகளும் ஒரே கம்பத்தில் தொங்கினால், அந்தக் கம்பம் சாயும் நாளில் ஒரு மணி நேரம் என்பது மீண்டும் மூன்று நாள்களாகிவிடும்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது பழகிய கதை. 2008 நிதி நெருக்கடிக்கு முன்பு அமெரிக்க நிதி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒன்றாகக் கட்டிப் பத்திரங்களாக விற்றன. ஒருவர் தவணை தவறினாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் தவறமாட்டார்கள் என்பது அவற்றின் நம்பிக்கை. வீட்டு விலை நாடெங்கும் ஒருசேர வீழ்ந்தபோது, தனித்தனியாகத் தோன்றிய அபாயங்கள் யாவும் ஒரே அபாயமாக வெளிப்பட்டன. எண்ணிக்கை பெருகினால் பாதுகாப்புப் பெருகும் என்பது எப்போதும் உண்மையன்று. வேர்கள் வேறாக இருந்தால்தான் பெருகும்.

கம்பமும் குழியும்

முதல் வேர் நம் தெருவிலேயே இருக்கிறது. தென்புறநகரின் பெரும்பாலான குடியிருப்புகளில் ஃபைபர் கேபிள்கள் மின்கம்பங்களையும் தெருவிளக்குக் கம்பங்களையும் மரக்கிளைகளையும் பற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேர்கின்றன. நான்கு நிறுவனங்களின் கேபிள்கள் ஒரே கம்பத்தில் சுருண்டு தொங்கும் காட்சி நமக்குப் புதிதன்று. பெயர் வேறு, கட்டணம் வேறு, செயலி வேறு, கம்பம் ஒன்று.

இதன் விலையை இப்பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான அளவு 49 சென்டிமீட்டர். முடிச்சூர் உள்ளிட்ட பகுதிகள் நீரில் மூழ்கின. மின்சாரம் துண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து கைப்பேசிச் சேவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சாய்த்த மரங்களோடு கேபிள்களும் தரையில் விழுந்தன. அப்போது தன் கடலடிக் கேபிள் ஒன்றும் சேதமடைந்ததாக ஏர்டெல் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் வேளச்சேரியும் மீண்டும் அதே அனுபவத்தைப் பெற்றன. இந்த நாள்களில் எத்தனை நிறுவனங்களின் சந்தா கையில் இருந்தது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் மின்சாரம் ஒன்று, வெள்ளம் ஒன்று.

நிலத்துக்கு அடியில் செல்லும் கேபிள்களுக்கும் வேறு வகை ஆபத்து உண்டு. பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மெட்ரோ ரயில் என ஏதேனும் ஒரு பணிக்காகப் புறநகரின் சாலைகள் ஓயாமல் தோண்டப்படுகின்றன. ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் கேபிள்கள் உள்ளிட்ட நிலத்தடிக் கட்டமைப்புகளுக்கு நேரும் சேதத்தால் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே மதிப்பிட்டது. அதைத் தடுப்பதற்காகத்தான், தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் தரும் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி 2023 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. செயலி இருக்கிறது, அதை பொக்லைன் ஓட்டுநரும் ஒப்பந்ததாரரும் பயன்படுத்துவதை உறுதிசெய்யும் ஏற்பாடுதான் இன்னும் உறுதிபெற வேண்டியிருக்கிறது.

மேலே இருப்பவர் யார்?

இரண்டாவது வேர் கண்ணுக்குத் தெரியாதது. நமக்கு இணைப்புத் தரும் உள்ளூர் நிறுவனம், உலக இணையத்தை அடைவதற்குத் தனக்கு மேலுள்ள ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து மொத்த விலைக்குத் திறனை வாங்குகிறது. அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் மேலே கடலடிக் கேபிள்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. நம் தெருவில் போட்டியிடும் இரண்டு நிறுவனங்களும் மேலே ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கிக்கொண்டிருக்கலாம். கோயம்பேட்டுக்கு லாரி வராத நாளில், தெருவின் இரண்டு காய்கறிக் கடைகளிலும் தக்காளி இராது. கடை மாற்றிக் கேட்டுப் பயனில்லை.

சென்னை இந்த வகையில் வாய்ப்புள்ள நகரம். மும்பைக்கு அடுத்தபடியாகக் கடலடிக் கேபிள்கள் கரையேறும் முக்கியத் துறை இது. 2002இல் சிங்கப்பூரை இணைத்த ஐ2ஐ கேபிள், அதன்பின் வந்த டாடாவின் சென்னை–சிங்கப்பூர் கேபிள், சீ-மீ-வீ 4, 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தமான் கேபிள் எனப் பட்டியல் நீள்கிறது. சிறுசேரி சிப்காட் வளாகத்தில் பெரிய தரவு மையங்கள் எழுந்திருப்பதற்கு இந்தக் கடற்கரையும் ஒரு காரணம். கிழக்கே சிங்கப்பூர், மேற்கே மும்பை வழியாக ஐரோப்பா என இரு திசைகளிலும் வழி இருப்பது நம் பலம்.

ஆயினும், எந்த நிறுவனம் எந்தத் திசையில் எவ்வளவு திறனை வாங்கி வைத்திருக்கிறது என்பது சந்தாதாரருக்குத் தெரியாது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே மத்தியதரைக் கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் பல நிறுவனங்கள் முடங்கின. கிழக்கு வழியையும் வைத்திருந்தவை சமாளித்தன. 2025 செப்டம்பர் 6 அன்று செங்கடலில் ஜெட்டா அருகே சீ-மீ-வீ 4, ஐஎம்இடபிள்யூஇ ஆகிய கேபிள்கள் அறுந்தபோதும், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணையம் மெதுவானதாகக் கண்காணிப்பு அமைப்புகள் தெரிவித்தன. ஒரே தெருவில் ஒருவருக்கு வேகம் குறைந்தும் அடுத்த வீட்டாருக்குக் குறையாமலும் இருந்தால், வேறுபாடு அவர்கள் வாங்கிய 'எம்பிபிஎஸ்' அளவில் இல்லை. அது நிறுவனங்களின் கொள்முதல் முடிவில் இருக்கிறது. ஆனால், விளம்பரப் பலகையில் அச்சிடப்படுவது முன்னது மட்டுமே.

பாதையைத் தீர்மானிக்கும் கணக்கேடு

இணையம் என்பது ஒரே வலை அன்று. உலகெங்கும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னாட்சி வலைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதன் பெயர்தான் இணையம். தொலைபேசி நிறுவனங்கள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள், கூகுள் போன்ற பெருநிறுவனங்கள் எனப் பலவும் இவற்றில் அடங்கும். ஒவ்வொரு வலையும் தன் அண்டை வலையிடம், "இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்" என்று அறிவிக்கிறது. இந்த அறிவிப்புக்கான நெறிமுறையின் பெயர் பார்டர் கேட்வே புரோட்டோகால், சுருக்கமாக பிஜிபி. 1989இல் கிர்க் லாஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள் மதிய உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களில் வரைந்த திட்டத்திலிருந்து அது பிறந்தது. ஒருவரையொருவர் அறிந்த சில நூறு வலைகளுக்காக உருவான ஏற்பாடு இன்று உலகத்தையே சுமக்கிறது.

ஒரே இலக்குக்கு இரண்டு வழிகள் இருந்தால் ஒரு வலை எதைத் தேர்ந்தெடுக்கும்? குறுகிய வழியை என்றுதான் நாம் நினைப்போம். நடைமுறை அப்படியன்று. தனக்குப் பணம் தரும் வாடிக்கையாளர் வழியாகப் போக முடிந்தால் அதுவே முதல் தேர்வு. பணப் பரிமாற்றம் இல்லாத சமநிலை வலையின் வழி அடுத்தது. தான் பணம் கொடுத்து வாங்கும் மேல்நிலை நிறுவனத்தின் வழி கடைசி. தூரம் அதற்குப் பின்புதான். அதாவது, நம் தரவு பயணம் செய்வது நிலப்படத்தின் மீதன்று, வரவு–செலவுக் கணக்கேட்டின் மீது. தாம்பரத்தில் ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் அனுப்பும் கோப்பு, அடுத்த தெருவில் வேறு நிறுவனத்தின் சந்தாதாரருக்குச் செல்ல மும்பை வரையோ சிங்கப்பூர் வரையோ போய்த் திரும்ப நேர்வது இதனால்தான்.

இந்த வீண்பயணத்தைக் குறைப்பதற்காகவே 2003இல் தேசிய இணைய இணைப்பகமான நிக்ஸி உருவாக்கப்பட்டது. அதன் தொடக்கக் கால மையங்களுள் சென்னையும் ஒன்று. உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே பரிமாறிக்கொள்வது நோக்கம். ஆனால், போக்குவரத்தைக் கேட்டுப் பெறும் வலையே பணம் தர வேண்டும் என்ற அதன் தொடக்கக் கால விதியும், சிறிய நிறுவனங்களைச் சமமாக ஏற்பதைவிட வாடிக்கையாளராக்கிக்கொள்வதில் பெரிய நிறுவனங்களுக்கு இருந்த ஆர்வமும் அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்தின. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் ஊக்குவிப்பு முறை தவறாக அமைந்தால் சந்தை எங்கே நிற்கும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பிஜிபியின் இன்னொரு பலவீனம், அது அடிப்படையில் வாய்ச்சொல்லை நம்பும் முறை என்பது. 2008 பிப்ரவரி 24 அன்று, தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளுக்குத் தானே வழி என்ற அறிவிப்பைத் தவறுதலாக வெளியுலகுக்கும் அனுப்பியது. அதன் மேல்நிலை நிறுவனம் அதைச் சரிபார்க்காமல் பரப்ப, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் மறைந்தது. அதன்பின் அறிவிப்புகளைச் சரிபார்க்கும் அனுமதிப் பட்டியல்களும் சான்றிதழ் முறைகளும் மெல்ல மெல்ல வளர்ந்தன. அவை தேவையானவை. ஆனால், பட்டியல் இருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பும் வருகிறது. அந்தப் பொறுப்பு யாருடையது என்பதில் புதிய பழுதுகள் பிறக்கின்றன.

இரண்டாவது இணைப்பே தொல்லையான கதை

ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய கல்லூரியின் கொள்முதல் குழுவில் இருந்தேன். கல்லூரிக்கெனத் தனி இணைய முகவரித் தொகுதி இருந்தது. ஏற்கெனவே இருந்த இணைப்போடு, வேறொரு நிறுவனத்திடமிருந்து இரண்டாவது குத்தகை இணைப்பும் பெறப்பட்டது. இரண்டின் வழியாகவும் கல்லூரியின் முகவரிகள் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டன. மறுநாள் முதல் விநோதமான புகார்கள் வந்தன. நூலகத்தில் சில ஆய்விதழ்த் தளங்கள் திறந்தன, சில திறக்கவில்லை. கட்டணம் செலுத்தும் பக்கம் வெற்றுத் திரையாக நின்றது. புதிய கேபிளைக் கழற்றினால் எல்லாம் சரியாயின. மீண்டும் செருகினால் பழுதும் திரும்பியது.

பழைய நிறுவனம், "புதிய இணைப்பைச் சேர்த்த பிறகுதானே இந்தத் தொல்லை" என்றது. புதிய நிறுவனம், "இணைப்பு முழு வேகத்தில் இயங்குகிறது, அளந்தே காட்டுகிறோம்" என்றது. இரண்டும் உண்மை. ஒரு வாரம் இப்படியே கழிந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் கணினி மையத்தின் இளம் பொறியாளர் ஒருவர். அவர் வாக்குவாதத்தில் இறங்கவில்லை. திறக்காத தளங்களைப் பட்டியலிட்டார். தரவு எந்தெந்த வலைகளைக் கடந்து செல்கிறது என்பதைக் காட்டும் டிரேஸ்ரூட் என்ற எளிய கருவியால், அவற்றுக்கான பாதைகளைப் பார்த்தார். எல்லாப் பாதைகளும் புதிய நிறுவனத்துக்கு மேலுள்ள ஒரு பெரிய வலையின் வாசலில் போய் நின்றுவிட்டன. அந்தக் கருவி போகும் வழியை மட்டுமே காட்டும். திரும்பும் வழியைக் காட்டாது. இணையத்தில் போகும் வழியை நாம் தேர்ந்தெடுக்கலாம். திரும்பும் வழியைத் தேர்ந்தெடுப்பவர் எதிர்முனையில் இருப்பவர். ஆகவே, வெளியிலிருந்து பார்த்தால் நம் கல்லூரி எப்படித் தெரிகிறது என்பதை அறிய, பிற வலைகள் பொதுப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கும் வழித்தட அட்டவணைகளை அவர் ஆராய்ந்தார். அந்தப் பெரிய வலையின் அட்டவணையில், எங்கள் முகவரிகளுக்குப் பழைய நிறுவனத்தின் வழி மட்டுமே பதிவாகியிருந்தது.

காரணம் பிறகு தெளிந்தது. யார் யாருடைய முகவரிகளை அறிவிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலை அந்தப் பெரிய வலை வைத்திருந்தது. எங்கள் முகவரிகள் புதிய நிறுவனத்தின் பெயரில் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே, அந்த வாசல் வழியாக வந்த எங்கள் தரவை, போலி அனுப்புநர் முகவரி கொண்டது என்று கருதி, ஓசையின்றி அப்புறப்படுத்தியது. மோசடிப் போக்குவரத்தைத் தடுப்பதற்கான நல்ல ஏற்பாடுதான் அது. பட்டியலில் ஒரு வரி சேர்ந்ததும் பழுது நீங்கியது.

இதில் யார் ஒப்பந்தத்தை மீறினார்? பழைய நிறுவனம் மீறவில்லை. புதிய நிறுவனம் வாக்களித்த வேகத்தைக் கொடுத்தது. மேலிருந்த பெரிய வலைக்கும் கல்லூரிக்கும் ஒப்பந்தமே இல்லை. எல்லாரும் தத்தம் கடமையைச் செய்தும் சேவை கிடைக்கவில்லை. பழுது எந்தக் கண்ணியிலும் இல்லை. கண்ணிகள் கோக்கப்படும் இடத்தில் இருந்தது. அந்த இடத்துக்கு உரிமையாளர் யாருமில்லை.

வீட்டு இணைப்புகளிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. இரண்டு பிராட்பேண்ட் இணைப்புகளையும் ஒரே ரவுட்டரில் செருகிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் செய்பவர்கள், வங்கித் தளம் பாதியில் வெளியேற்றிவிடுகிறது என்று குறைகூறுவார்கள். ஒரே வாடிக்கையாளர் ஒரு நொடி ஒரு முகவரியிலிருந்தும் மறுநொடி வேறு முகவரியிலிருந்தும் வருவதைக் கண்டு, வங்கியின் பாதுகாப்பு அமைப்பு ஐயம் கொள்வது இயல்பு. ஒன்றை முதன்மையாகவும் மற்றதைக் காத்திருப்பாகவும் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் கற்றவை

பெரிய நாடுகளும் இந்தப் பாடத்தை விலை கொடுத்தே கற்றிருக்கின்றன. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனம் தன் மைய வலையில் மேற்கொண்ட ஒரு மாற்றத்தில், வழித்தட அறிவிப்புகளை வடிகட்டும் விதி ஒன்று நீக்கப்பட்டது. அறிவிப்புகள் வெள்ளமெனப் பாய்ந்து மைய ரவுட்டர்களைச் செயலிழக்கச் செய்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சேவை இழந்தனர். நாடெங்கும் கடைகளில் இன்டராக் அட்டைப் பரிவர்த்தனை நின்றது; அவசர அழைப்புகள் தடைபட்டன. கைப்பேசியும் தரைவழி இணையமும் ஒரே மைய வலையைச் சார்ந்திருந்தன. பழுதுபார்க்க வேண்டிய பொறியாளர்கள் தொடர்புகொள்ளப் பயன்படுத்தியதும் அதே வலையைத்தான். காரணத்தைக் கண்டறியவே 14 மணி நேரம் ஆயிற்று.

2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனமும் வழித்தட அறிவிப்புகளில் நேர்ந்த மாற்றத்தால் முடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். அவசர எண்ணை அழைத்த 2,145 பேருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் 1 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் அதிகமான அபராதம் விதித்தது.

விபத்தைவிட அதற்குப் பின் நடந்தவை நம் கவனத்துக்குரியவை. கனடாவில் தற்சார்பான வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு நடத்தி அதன் சுருக்கம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. நெருக்கடியில் ஒருவருக்கொருவர் உதவும் உடன்படிக்கையில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கையெழுத்திட்டன. இன்டராக் இரண்டாவது சேவை நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டது. பழுது பொது அறிவாக மாறியது. நம் நாட்டிலோ பழுது நீங்கியதும் அதைப் பற்றிய அறிவும் நீங்கிவிடுகிறது. "தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு கதை முடிகிறது.

விதியின் கண்ணுக்குத் தெரியாத பழுது

நம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் செயலற்று இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிமுறைகளில், ஒரு மாவட்டத்தில் சேவை முற்றிலும் தடைபட்டு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கூறப்பட்டது. தடை 24 மணி நேரத்தைத் தாண்டினால், பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு வாடகைக் கழிவோ கூடுதல் பயன்பாட்டு நாள்களோ தரப்பட வேண்டும். வரவேற்கத்தக்க முன்னேற்றம் இது.

ஆனால், 'மாவட்டம்', 'முற்றிலும்' என்ற இரண்டு சொற்களையும் நம் ஊரில் வைத்துப் பாருங்கள். 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டம், பல்லாவரம், தாம்பரம் தொடங்கி மதுராந்தகம், செய்யூர் வரை பரந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் மாநகராட்சியான தாம்பரம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் சேவையை இழந்தாலும், மதுராந்தகத்தில் அது இயங்கிக்கொண்டிருந்தால் அது மாவட்ட அளவிலான தடையாகாது. சில தளங்கள் திறந்து சில திறக்காத பகுதிப் பழுதோ, எந்த அளவிலும் பதிவாவதே இல்லை. அளக்கப்படாதது சீராவதில்லை என்பது நிர்வாகத்தின் பழைய பாடம்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கருத்தை விளக்கினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காது. காலப்போக்கில் நல்ல பொருளே வெளியேறிவிடும். இணைய இணைப்பின் சந்தை இன்று அந்த நிலையில் இருக்கிறது. தனிக் குழாய் பதித்து, இரண்டு மேல்நிலை நிறுவனங்களிடம் திறன் வாங்கி, இரவிலும் பொறியாளரைப் பணியில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதிகச் செலவு. கம்பத்தில் கேபிளை வீசிவிட்டு ஒரே இடத்தில் வாங்கும் நிறுவனத்துக்குக் குறைந்த செலவு. வாங்குபவருக்கு இரண்டும் '200 எம்பிபிஎஸ்' என்றே தெரிகின்றன. அவர் மலிவானதைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

இதில் நீதி சார்ந்த ஒரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. சிறுசேரியின் தரவு மையங்களும் பெரிய மென்பொருள் நிறுவனங்களும் வல்லுநர்களை அமர்த்தி, கேபிள் வரைபடங்களைக் கேட்டு வாங்கி, உண்மையிலேயே வெவ்வேறான பாதைகளைப் பெற்றுக்கொள்கின்றன. கிழக்குத் தாம்பரத்தில் இருபது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையால் அது இயலாது. காப்பீட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நோயாளி, கைரேகைக் கருவி இயங்காமல் ரேஷன் கடையிலிருந்து திரும்பும் மூதாட்டி, யுபிஐ இயங்காததால் மாலை வியாபாரத்தை இழக்கும் தள்ளுவண்டிக்காரர் ஆகியோருக்கு, இரண்டாவது பாதை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. சேவைகள் அனைத்தையும் இணையத்தின் மீது ஏற்றிவைத்த பிறகு, நம்பகத்தன்மையை மட்டும் வசதியுள்ளவர்களின் தனியுடைமையாக விட்டுவைப்பது முறையாகாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, வெளிப்படைத்தன்மை. ஒரு நிறுவனம் எந்த மேல்நிலை நிறுவனங்களிடம் திறன் வாங்குகிறது, அதன் கேபிள் கட்டடத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது, கம்பம் வழியா நிலத்தடியா என்ற விவரங்களைக் கேட்கும் வாடிக்கையாளருக்கு எழுத்துவடிவில் தர வேண்டும் என்று டிராய் விதிக்கலாம். வணிக இரகசியம், பாதுகாப்பு என்ற மறுப்புகள் எழும். அவற்றில் ஓரளவு நியாயமும் உண்டு. கேபிள் வரைபடத்தை இணையத்தில் வெளியிட வேண்டியதில்லை. இரண்டு இணைப்புகளும் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றனவா என்ற ஒரே கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற சான்றளிக்கப்பட்ட விடை போதும். உணவுப் பொட்டலத்தின் மீது உட்பொருள்களை அச்சிடச் சொல்கிறோம். தயாரிப்பு இரகசியத்தைக் கேட்பதில்லை.

இரண்டாவது, பழுதை அளக்கும் அலகு மாவட்டத்திலிருந்து உள்ளாட்சி அளவுக்கு இறங்க வேண்டும். பகுதிப் பழுதுகளும் கணக்கில் வர வேண்டும். பெரிய தடைகள் ஒவ்வொன்றுக்கும், காரணம், கண்டறிய எடுத்த நேரம், மீண்டும் நிகழாமலிருக்கச் செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் கூறும் அறிக்கை குறிப்பிட்ட நாள்களுக்குள் வெளிவர வேண்டும்.

மூன்றாவது, அரசுக் கொள்முதல். மருத்துவமனைகளுக்கும் உள்ளாட்சி அலுவலகங்களுக்கும் இணைப்புக் கோரும் ஒப்பந்தப் புள்ளிகளில், 'இரண்டு நிறுவனங்கள்' என்று எழுதுவதற்குப் பதிலாக 'இரண்டு பாதைகள்' என்று எழுத வேண்டும். பருவமழைக்கு முன்பு ஒரு நாள், முன்னறிவிப்போடு ஓர் இணைப்பைக் கழற்றி, மற்றது உண்மையில் சுமையைத் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை நடத்தும் அலுவலகங்களுக்கு இது பெரிய வேலையன்று. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பணியை மேற்கொண்டிருக்கும் டான்ஃபிநெட் நிறுவனம், இந்த ஒழுக்கத்தைத் தன் வலையில் தொடக்கத்திலேயே புகுத்தினால் முன்மாதிரியாக அமையும்.

நான்காவது, இணைப்பிடங்களின் பழுதுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். இரண்டு நிறுவனங்களுக்கு இடைப்பட்ட பழுதுக்கு ஒரே புகார் எண் இருக்க வேண்டும். அதை முதலில் பெற்ற நிறுவனம், தீர்வு கிடைக்கும் வரை மேல்நிலை நிறுவனங்களோடு தொடர்புகொண்டு பின்தொடரும் கடமை உடையதாக இருக்க வேண்டும். "எங்கள் பக்கம் சரி" என்பது ஒரு புகாரை முடித்துவைக்கும் காரணமாகக் கருதப்படக் கூடாது. மேல்நிலை நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர் சேவை நிறுவனம்தான், வாடிக்கையாளர் அல்லர்.

வாசகர்கள் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது இணைப்பு வாங்குவோர், இரண்டும் வெவ்வேறு ஊடகங்களாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம்: ஒன்று ஃபைபர் என்றால் மற்றது கைப்பேசி அலைவரிசை வழியாக வருவதாக இருக்கட்டும். இரண்டும் ஃபைபராகவே இருக்குமாயின், கேபிள் வரும் திசையையும் கம்பத்தையும் ஒருமுறை வெளியே நின்று பார்த்துவிடலாம். பழுது நேர்ந்தால், முழுத் தடையா, பகுதித் தடையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஓர் இணைப்பைக் கழற்றிப் பார்த்து, பிறகு மற்றதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். திறக்காத தளங்களின் பெயர்களையும் நேரத்தையும் எந்த இணைப்பு வழியாக என்பதையும் குறித்துக்கொண்டு புகார் கொடுக்க வேண்டும். 'நெட் வரவில்லை' என்ற புகாரை முதல்நிலை ஊழியரே மூடிவிட முடியும். 'இந்த இணைப்பில் இந்த நேரத்தில் இந்தத் தளம் மட்டும் திறக்கவில்லை; அடுத்ததில் திறக்கிறது' என்ற புகாரை அவ்வளவு எளிதாக மூட முடியாது; அது வழித்தடங்களை அறிந்த பொறியாளரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

போட்டி வளர்ந்தால் சேவை சீராகும் என்று வகுப்பறைகளில் பல்லாண்டு காலம் கற்பித்தவன் நான். இன்றும் அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால், பெயர்ப் பலகைகளின் எண்ணிக்கை போட்டியாகிவிடாது. வாங்குபவர் வேறுபாட்டைக் காண முடிகிற இடத்தில்தான் போட்டி பயன் தரும். தென்புறநகர் மக்கள் இரண்டாவது பாதைக்கான விலையைத் தம் கைப்பணத்திலிருந்து ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாதை உண்மையில் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையையாவது, அடுத்த புயல் சின்னம் வங்கக் கடலில் உருவாவதற்குள் ஒழுங்குமுறை ஆணையம் அவர்களுக்குத் தர வேண்டும்.